ரோட்டார் தலையைத் தேடி: ப்யூக்கெபுர்க் முதல் மரின்யான் வரை

நாள் 1: ப்யூக்கெபுர்க், ஜெர்மனி

புதுத் தலைமுறை ஹெலிகாப்டரைப் பார்க்கக் கிளம்பிவிட்டு முதல் நிறுத்தமாக அருங்காட்சியகத்தை வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பழைய ரோட்டார் ஹப்பை, அதாவது தலைக்கு மேல் சுழலும் பிளேடுகள் வந்து சேரும் நடுப்பாகத்தை, கிட்டே நின்று பார்க்காதவருக்குப் புதியதில் என்ன காணாமல் போயிருக்கிறது என்பது தெரியாது. புதிய வடிவமைப்பின் கதையே எதை எடுத்தார்கள் என்பதுதான். எடுத்த பாகம் சுமந்துகொண்டிருந்த வேலை எங்கே போய் உட்கார்ந்தது என்பதையும் கூடவே கேட்க வேண்டும். இந்த ஆறு நாளும் அந்த இரண்டு கேள்விகள்தான்.

ஹெலிகாப்டர் முன்னோக்கிப் போகும்போது ஒரு பக்கப் பிளேடு காற்றை எதிர்த்து வருகிறது, மறுபக்கத்துப் பிளேடு காற்றோடு பின்வாங்குகிறது. எதிர்த்து வருவதற்குத் தூக்குவிசை அதிகம். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு மேலும் கீழும் அசைய வேண்டும், முன்னும் பின்னும் கொஞ்சம் இழுபட வேண்டும், தன் அச்சில் திரும்பவும் வேண்டும். பழைய ஹப்பில் இந்த மூன்று அசைவுக்கும் தனித்தனி மூட்டு. மூன்று பிளேடு என்றால் ஒன்பது மூட்டு. ஒவ்வொன்றுக்கும் பேரிங், சீல், கிரீஸ் நிப்பிள். கிரீஸ் தவறினால் பேரிங் தேயும், தேய்ந்தால் அதிர்வு வரும், அதிர்வு வந்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் தேயும்.

இங்கே நிற்கும் போ 105 ஹெலிகாப்டர் அந்த இடத்தில்தான் முதல் பெரிய வெட்டு வெட்டியது. 1967 பிப்ரவரி 16 அன்று முதலில் பறந்தது. டைட்டானியம் ஹப்பில் மேல்-கீழ் மூட்டும் கிடையாது, முன்-பின் மூட்டும் கிடையாது. கண்ணாடியிழைப் பிளேடின் வேர்ப்பகுதியே வளைந்து கொடுக்கும். மிச்சம் இருந்தது பிளேடு தன் அச்சில் திரும்புவதற்கான பேரிங் மட்டும். மூட்டு இல்லாததால் ஸ்டிக்கைத் தொட்டதும் உடல் திரும்பும். இந்த வகை தலைகீழ் வட்டமே அடித்துக் காட்டியது அதனால்தான்.

அதற்குக் கொடுத்த விலையும் அதே ஹப்பில் இருக்கிறது. மூட்டுள்ள ரோட்டாரில் பிளேடு தனியாகச் சாய்ந்துகொள்ளும். இதில் பிளேடு சாய்ந்தால் அந்த வளைவுவிசை நேராக மாஸ்ட்டுக்கு, அதாவது ஹப்பைச் சுழற்றும் தண்டுக்குப் போகிறது. பறக்கும்போது உடலும் கூடவே சாய்ந்துவிடுவதால் தொல்லையில்லை. தரையில் நிற்கும்போது ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளினால் உடல் சாய முடியாது, மாஸ்ட் முழுவதையும் தாங்க வேண்டும். ஆகவே இந்தக் குடும்பத்து ஹெலிகாப்டர்களில் மாஸ்ட் வளைவைக் காட்ட ஒரு அளவி உண்டு. சரிவில் இறங்கும்போது பைலட்டின் ஒரு கண் அதில் இருக்க வேண்டும். வரம்பு தாண்டினால் பராமரிப்புக் கையேடு சொல்லும் சோதனை முடியும்வரை அடுத்த பறத்தல் இல்லை.

நாள் 2: டோனாவோர்த்

டான்யூபும் வோர்னிட்ஸும் சேரும் இடம். ஏர்பஸ்ஸின் எச்135, எச்145 இரண்டும் இந்த ஊரில் பூட்டப்படுகின்றன.

எச்145 புது ஹெலிகாப்டரா என்றால், பெயர்ப்பலகையில் ஆமாம், சான்றிதழில் இல்லை. 1979-இல் பறந்த பிகே117-இன் வம்சம் அது. ஐந்து பிளேடு வகையும் அதிகாரப்பூர்வமாக பிகே117 டி-3 தான். பழைய வகைச் சான்றிதழை (ஒரு வடிவமைப்புக்கே தரும் அனுமதியை) நீட்டித்துக்கொண்டே போனால் மாறாத பாகங்களுக்குப் பழைய விதியே போதும். இந்தத் தந்திரம் நாள் 4-இல் மறுபடி தலைகாட்டும்.

ஐந்து பிளேடு வகை 2019 மார்ச்சில் வெளியே காட்டப்பட்டது, 2020 ஜூனில் ஐரோப்பியச் சான்றிதழ் பெற்றது. போ 105-இல் மிச்சம் இருந்த அந்தத் திருப்பு பேரிங்கும் இதில் இல்லை. பிளேடுக்கும் ஹப்புக்கும் நடுவில் தட்டையான ஒரு கலவையிழைக் (காம்போசிட்) கட்டை இருக்கிறது. அது மேலும் கீழும் வளையும், முன்பின் வளையும், முறுக்கியும் கொடுக்கும். அதைச் சுற்றிக் கை உறை மாதிரி ஒரு கூடு. பிட்ச் லிங்க் என்ற கட்டுப்பாட்டுக் கம்பி அந்தக் கூட்டைத் திருப்ப, கூடு பிளேடைத் திருப்புகிறது. முன்பின் ஆட்டத்தை அடக்கக் கூட்டின் வேரில் ரப்பர் டாம்பர்கள். இந்த ஏற்பாடு 1994-இல் பறந்த ஈசி135-இலேயே உண்டு. அதில் கட்டையும் பிளேடும் ஒரே துண்டு. எச்145-இல் இரண்டும் பிரிந்து போல்ட்டில் சேர்கின்றன. பிளேடு அடிபட்டால் கட்டையைத் தொடாமல் பிளேடை மட்டும் மாற்றலாம். மருத்துவமனைக் கொட்டகையில் இடம் போதாவிட்டால் மடக்கியும் வைக்கலாம்.

நான்கு போய் ஐந்து ஏன் என்பதற்குக் கணக்கு எளிது. ரோட்டார் நிமிடத்துக்கு 400 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள், விநாடிக்கு 6.67. நான்கு பிளேடு என்றால் உடலுக்கு வந்து சேரும் முக்கிய அதிர்வு 26.7 ஹெர்ட்ஸ், ஐந்து என்றால் 33.3. அலைவெண் கூடக்கூட அதைக் கிளப்பும் காற்றுவிசையின் பங்கு சின்னதாகும். அதிர்வு குறைந்தால் அதை அடக்குவதற்கென்று கட்டிவைக்கும் எடைகளும் குறையும். ரோட்டார் விட்டம் 11 மீட்டரிலிருந்து 10.8 ஆனது. உச்ச எடை 3,700 கிலோவிலிருந்து 3,800 ஆனது. ஏற்றக்கூடிய பாரம் மட்டும் 150 கிலோ கூடியது. 100 கிலோ உயர்ந்த வரம்பிலிருந்து வந்தது என்றால் மீதி 50 கிலோ ஹெலிகாப்டரே இளைத்ததால் வந்தது. எங்களைக் கேட்டால் அந்த 50 கிலோதான் உண்மையான பொறியியல்.

சரி, எடுத்த பேரிங்கின் வேலை எங்கே போனது? இழைக்கும் ரப்பருக்கும். கிரீஸ் துப்பாக்கியோடு சுற்றிய மெக்கானிக் இப்போது டார்ச்சோடு சுற்றுகிறார். ரப்பர் டாம்பரின் விளிம்பில் அழிரப்பர் தூள் மாதிரி கருப்புத் துகள் உதிர்ந்திருந்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மேல்தோலில் நுண்ணிய வெடிப்புக் கோடுகள் தெரிந்த மாத்திரத்தில் தூக்கிப்போட வேண்டியதில்லை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நீளம் வரை விடலாம் என்று கையேட்டில் எண் இருக்கும். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிவிடும். அதனால் மேலே கியர்பாக்ஸ் பக்கம் வேலை பார்த்துவிட்டுச் சிந்தியதைத் துடைக்காமல் வந்தால் கீழே டாம்பர் கெடும்.

கலவையிழையின் கோளாறு இன்னும் திருட்டுத்தனமானது. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே அடுக்குகள் விட்டுப்போயிருக்கும். இதற்கு இன்றும் கைகொடுப்பது நாணயத் தட்டல்தான். நாணயத்தின் விளிம்பால் ஒரே சீரான விசையில், விரற்கடை இடைவெளியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் 'டிக் டிக்' என்று கூர்மையாகப் பேசும். விட்டுப்போன இடம் 'தப்' என்று மங்கும். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடினால் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. சத்தம் மாறிய எல்லையைப் பென்சிலால் குறித்துக்கொண்டு பிறகு அல்ட்ராசானிக் கருவியை வைக்கலாம்.

பிளேடு கூடியதில் ஒரு சின்னத் தலைவலியும் உண்டு. பிளேடு மாற்றியபின் ஐந்தையும் ஒரே தளத்தில் ஓட வைக்க வேண்டும். பிட்ச் லிங்க் நீளம், பிளேடின் பின்விளிம்புத் தகடு, ஹப் எடை என மூன்றையும் கருவி சொல்லும் வரிசையில் திருத்தி, சுற்றுக்கு ஒரு முறை வரும் அதிர்வைப் பொதுவாக விநாடிக்கு 0.2 இன்ச்சுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். மூன்றையும் ஒரே ஓட்டத்தில் திருத்துபவர் எது வேலை செய்தது என்று தெரியாமல் நாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருப்பார்.

நாள் 3: செர்மாட்

பெட்ரோல் கார்களுக்கு அனுமதி இல்லாத ஊர். டேஷில் வண்டியை விட்டுவிட்டு ரயிலில் ஏற வேண்டும். ஆனால் வானத்தில் ஹெலிகாப்டர் சத்தம் இருந்துகொண்டே இருக்கும். மலை மீட்புக்கு இங்கே ஒரு தளமே இருக்கிறது.

உயரம் சுமார் 1,600 மீட்டர். திட்ட வளிமண்டலத்தில் (கணக்குக்கு அடிப்படையாக வைத்திருக்கும் சராசரிக் காற்றில்) இந்த உயரத்துக் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தின் 85 சதவீதம். ஆனால் திட்ட வெப்பநிலை இங்கே 4.6 டிகிரிதான். கோடை மதியம் 25 டிகிரி என்றால் அடர்த்தி 80 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஹெலிகாப்டரைப் பொறுத்தவரை அது நிற்பது 2,300 மீட்டரில். ரோட்டாருக்கும் காற்று போதவில்லை, டர்பைனுக்கும் போதவில்லை. இரட்டை இன்ஜின் இருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. ஒன்று நின்றபின் மற்றது தனியாகத் தூக்குமா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை அன்றைய எடை, வெப்பம், உயரம் மூன்றையும் வைத்து வரைபடத்தில் பார்த்த பிறகே கிடைக்கும்.

புது இன்ஜின்கள் இங்கே செய்திருக்கும் உதவி இரண்டு. ஒன்று, எரிபொருளைக் கணினியே அளந்து விடுகிறது. அதுவும் இரண்டு தனிச் சேனல்களாக. பழைய இயந்திரக் கட்டுப்பாட்டில் தொடக்கமே ஒரு கைவேலை. பேட்டரி தளர்ந்திருந்தாலோ, புகைபோக்கிக்குள் காற்று எதிர்த்து வீசினாலோ, டர்பைன் மெதுவாகச் சுழலும்போதே எரிபொருள் சேர்ந்து வெப்பம் விநாடிகளில் எகிறும். கணினி அந்த ஏற்றத்தின் வேகத்தைப் பார்த்தே எரிபொருளைக் குறைக்கும், சில வகைகளில் தொடக்கத்தையே நிறுத்திவிடும். பேட்டரியைச் சார்ஜ் செய்யாமல் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்துபவரிடமிருந்து அதனால்கூடக் காப்பாற்ற முடியாது.

இரண்டு, ஒரு இன்ஜின் நின்றபின் மற்றதற்குத் தரும் அவசர வரம்புகள்: 30 விநாடிக்கு மட்டும் ஒரு உச்சம், 2 நிமிடத்துக்கு அடுத்தது, பிறகு தொடர்ந்து ஓடக்கூடியது. சின்னத் தளத்திலிருந்து கிளம்பும் பைலட் தளத்தைக் கண்ணில் வைத்தபடி பின்னோக்கி ஏறுகிறார். தீர்மானப் புள்ளிக்கு முன் இன்ஜின் நின்றால் அதே தளத்தில் இறங்குவார். தாண்டியபின் நின்றால் முன்னே பாய்வார். அந்தப் பாய்ச்சலுக்குத்தான் 30 விநாடி. அந்த வரம்பைத் தொட்டது கணினியில் பதிவாகிவிடும். அதன்பின் இன்ஜினுக்குச் சோதனை கட்டாயம். ஒளிக்க வழியில்லை.

உயரத்தின் எல்லையைக் காட்ட இரண்டு நிகழ்வுகள் போதும். 2005 மே 14 அன்று டிடியே டெல்சால் ஒற்றை இன்ஜின் ஏஎஸ்350 பி3-ஐ எவரெஸ்ட் உச்சியில் தொட வைத்தார். 2019 செப்டம்பர் 25 அன்று ஐந்து பிளேடு எச்145 தென் அமெரிக்காவின் அகொன்காகுவா மலையின் 6,960 மீட்டர் உச்சியில் இறங்கியது. இரட்டை இன்ஜின் வகைக்கு அதுவரை இல்லாத உயரம்.

நாள் 4: பிரிக்கிலிருந்து ரயிலில் இத்தாலிக்கு

சிம்ப்ளான் சுரங்கம் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். வெளியே பார்க்க ஒன்றுமில்லாத நேரத்தில் வெளியே தெரியாத பாகங்களைப் பற்றி எழுதிவிடலாம்: எரிபொருள் தொட்டி, இருக்கை.

விழுந்த வேகம் உயிர் பிழைக்கக்கூடியதாக இருந்தும் தீயில் இறந்தவர்கள் பலர். இதற்கான அமெரிக்க விதி 1994-லேயே வந்துவிட்டது. கட்டமைப்போடு சேர்ந்த தொட்டியில் 80 சதவீதம் தண்ணீர் நிரப்பி 15.2 மீட்டர் உயரத்திலிருந்து போட வேண்டும், கசியக் கூடாது. ஆனால் அது புதிதாகச் சான்று கேட்கும் வகைகளுக்கு மட்டும். பழைய வகைச் சான்றிதழோடு புதிதாகத் தயாரான ஹெலிகாப்டர்கள் பழைய தொட்டியோடே விற்கப்பட்டன. டோனாவோர்த்தில் சொன்ன தந்திரம் இதுதான். 2018-ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஓட்டையை அடைத்தது. 2020 ஏப்ரல் 5-க்குப் பிறகு தயாராகும் எந்த ஹெலிகாப்டரும் அமெரிக்காவில் பறக்க வேண்டுமானால் மோதலைத் தாங்கும் தொட்டி வேண்டும்.

வேலை செய்வது மூன்று பொருள்: கிழியாத ரப்பர்-துணிப் பை, இழுபட்டால் இருபுறமும் அடைத்துக்கொண்டு பிரியும் குழாய் இணைப்பு, கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் காற்றுவழி வால்வு. பையின் தடிப்பு கொஞ்சம் கொள்ளளவையும் கொஞ்சம் எடையையும் தின்னும். பையைத் தொங்கவிடும் கொக்கி ஒன்று கழன்றால் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தில் தண்ணீர் தேங்கும், வடித்தாலும் வராது. அளவியும் பொய் சொல்லும்.

இருக்கை விதியில் 30 ஜி (ஈர்ப்பு முடுக்கத்தின் 30 மடங்கு) வரை கீழ்நோக்கிய அடி, வேக மாற்றம் விநாடிக்கு 9.1 மீட்டர், கீழ்முதுகெலும்பில் விழும் விசை 6,670 நியூட்டனைத் தாண்டக் கூடாது. இதைச் சாதிக்க இருக்கை அடிபட்டவுடன் கட்டுப்பாட்டோடு கீழே இறங்கும். அந்த இறக்கத்துக்கான காலி இடத்தில் யாராவது பையைச் செருகி வைத்தால் போட்ட கணக்கெல்லாம் வீண். பயணிகளுக்குச் சொல்லும் பாதுகாப்புக் குறிப்பில் முதலில் வர வேண்டியது இது. பெரும்பாலும் கடைசியில்கூட வருவதில்லை.

நாள் 5: கஷீனா கோஸ்தா, வெர்ஜாத்தே

இத்தாலிய நிறுவனமான லியனார்டோவின் ஏடபிள்யூ ஹெலிகாப்டர் குடும்பம் இந்தப் பக்கம். இங்கே பேச்சு ஒன்றுதான்: கியர்பாக்ஸ்.

சில இன்ஜின்களின் அச்சு நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கும் மேல் சுழல்கிறது, ரோட்டாருக்கு வேண்டியதோ சுமார் 300. நடுவில் இருக்கும் பற்சக்கரங்களுக்கு மாற்று கிடையாது. இன்ஜின் இரண்டு வைக்கலாம், முதன்மைக் கியர்பாக்ஸ் ஒன்றுதான். எண்ணெய் வடிந்தால் எத்தனை நிமிடம் ஓடும் என்பதால்தான் அதன் தரம் அளக்கப்படுகிறது. வழக்கமான இலக்கு 30 நிமிடம். ஏடபிள்யூ189 காட்டியது 50. கடலுக்கு மேல் 20 நிமிடம் கூடுதல் என்றால் தண்ணீரில் இறங்குவதற்கும் எண்ணெய் எடுக்கும் மேடைக்குத் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2009 மார்ச் 12. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் பறந்த எஸ்-92 ஹெலிகாப்டர் ஒன்றில் எண்ணெய் வடிகட்டிக் கிண்ணத்தைப் பிடித்திருந்த டைட்டானியம் ஸ்டட்கள் (தலையில்லாத திருகுகள்) உடைந்தன. வடிகட்டி மாற்றும் ஒவ்வொரு முறையும் நட்டைக் கழற்றி அதே நட்டையே திரும்பப் போட்டதில் புரி உரசிச் சிராய்ந்திருந்தது. டார்க் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டியது, ஆனால் அந்த விசை உரசலைத் தாண்டுவதில் போனது, ஸ்டட்டை இழுத்துப் பிடிக்கவில்லை. தளர்ந்த ஸ்டட் களைத்து முறிந்தது. எண்ணெய் போய் ஏறத்தாழ 11 நிமிடத்தில் கடலில். 18 பேரில் 17 பேர் இறந்தார்கள். எண்ணெய் முழுவதும் வடிவது அரிதிலும் அரிது என்ற அடிப்படையில் அந்த வகைக்கு 30 நிமிடச் சோதனையில் விலக்கு கிடைத்திருந்தது.

இருக்கும் எண்ணெயிலும் செய்தி இருக்கிறது. காந்தத் துகள்பிடியை எடுத்துப் பார்த்தால் சாம்பல் பசை மாதிரி ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். மினுங்கும் செதில் ஒன்று இருந்தாலும் நிறுத்த வேண்டும். அது பேரிங் அல்லது பல்லின் மேல்தோல். ஆனால் 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் டூரோய் தீவருகே ஈசி225 ஹெலிகாப்டர் ஒன்றின் கியர்பாக்ஸில், நடுச்சக்கரத்தைச் சுற்றி ஓடும் கோள்பற்சக்கரத்தின் வெடிப்பு மேற்பரப்புக்கு அடியிலேயே ஓடியது. போதிய செதில் உதிரவில்லை, அதிர்வுக் கண்காணிப்பும் காட்டவில்லை, ரோட்டாரே கழன்றது. 13 பேர் இறந்தார்கள். துகள்பிடியை மட்டும் நம்பி வடிவமைக்கக் கூடாது என்பது அதற்குப் பின்தான் உறைத்தது.

ஏடபிள்யூ169-இல் ஒன்று குறிப்பிட வேண்டும். ரோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு இன்ஜினை மட்டும் ஓட்டி மின்சாரமும் குளிரூட்டலும் எடுக்கலாம், தனித் துணை இன்ஜின் தேவையில்லை. நோயாளியை ஏற்றும்போது தலைக்கு மேல் பிளேடு சுற்றாமல் உள்ளே கருவிகள் ஓடும்.

நாள் 6: மரின்யான், பிரான்ஸ்

வால் ரோட்டாரைக் கூட்டுக்குள் வைக்கும் ஃபெனெஸ்ட்ரோன் என்ற பெயர் இந்தப் பகுதிப் ப்ரோவென்சால் மொழிச் சொல். சின்ன ஜன்னல் என்று பொருள். 1968-லேயே கஸெல் ஹெலிகாப்டரின் முன்மாதிரியில் வந்துவிட்டது. புதியவற்றில் பிளேடுகளைச் சம இடைவெளியில் வைப்பதில்லை. சமமாக வைத்தால் ஒரே சுருதியில் சீறும். கலைத்து வைத்தால் சத்தம் பல சுருதிகளில் சிதறும், காதைக் குத்தாது. ஏர்பஸ்ஸின் எச்160-இல் கூட்டை 12 டிகிரி சாய்த்து வால்பக்கமும் கொஞ்சம் தூக்குவிசை எடுக்கிறார்கள். பைலட் கவனிக்க வேண்டியது ஒன்று. வேகப் பறத்தலில் வால்துடுப்பே பாதி வேலையைச் செய்துவிடும். வேகம் குறைந்து மிதக்கும் நிலைக்கு வரும்போது திடீரென்று நிறைய பெடல் வேண்டும். கால் தாமதித்தால் உடல் சுழலத் தொடங்கும். பாதிப் பெடலோடு விட்டால் சுழற்சி நிற்காது, முழுவதும் மிதிக்க வேண்டும்.

எச்160-இன் பிளேடு நுனி முன்னே வளைந்து பின்னே மடிகிறது. ஒரு பிளேடு விட்டுப்போன சுழலை அடுத்த பிளேடு நீளம் முழுக்க ஒரே சமயத்தில் மோதினால்தான் அந்த 'தப தப' சத்தம். வளைந்த நுனி அந்தச் சுழலைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. குறைவது 3 டெசிபெல். ஒலி ஆற்றல் பாதி என்று விளம்பரம் செய்வது சரிதான், காதுக்குப் பாதியாகத் தெரியாது என்பதும் சரிதான்.

ஆட்டோபைலட் பற்றி: தாறுமாறான நிலையிலிருந்து நிமிர்த்துவது, தன் சுழலுக்குள் தானே மூழ்கும் நிலைக்கு முன்பே எச்சரிப்பது என நிறைய வந்துவிட்டது. முழு மின்கட்டுப்பாட்டுக்குப் போன பெல் 525-இன் முன்மாதிரி 2016 ஜூலை 6 சோதனையில் நொறுங்கியது. ரோட்டார் வேகம் குறைந்தபோது விநாடிக்கு ஏறத்தாழ 6 முறை உடல் அதிர, பைலட்டின் கை அதே தாளத்தில் ஆட, ஸ்டிக் அந்த ஆட்டத்தை உத்தரவாக எடுத்துக்கொண்டு அதிர்வை வளர்த்தது. கையின் நடுக்கத்தை வடிகட்டும் மென்பொருள் அதன்பின் சேர்ந்தது. பழைய இயந்திரக் கம்பிகளில் உராய்வு என்று ஒன்று இருந்தது. அதை எடுத்தவர்கள் அதுவும் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

கடைசியாக ரேசர், ஏர்பஸ்ஸின் சோதனை வேக ஹெலிகாப்டர். 2024 ஏப்ரல் 25 அன்று இங்கேதான் முதலில் பறந்தது, அதே ஆண்டு ஜூனில் மணிக்கு 420 கிலோமீட்டர் தொட்டது. வால் ரோட்டார் கிடையாது. பெட்டி வடிவ இறக்கைகளின் பின்விளிம்பில் இரண்டு தள்ளு ரோட்டார்கள்; கதவு அவற்றுக்கு முன்னால் இருப்பதால் இறங்குபவர் அவற்றின் பக்கம் போக வேண்டியதில்லை. சீரான பறத்தலில் ஒரு இன்ஜினைத் தூங்க வைத்துவிட்டு மற்றதை அதன் சிக்கனமான வரம்பில் ஓட்டும் ஏற்பாடும் உண்டு. இந்தப் பயணம் முழுக்கப் பாகங்கள் குறைந்துகொண்டே வந்தன, இங்கே கூடியிருக்கின்றன: பக்கத்துக்கு ஒரு கியர்பாக்ஸ், இறக்கைக்குள் ஓடும் நீள அச்சு, அதற்கு பேரிங். ஒவ்வொன்றுக்கும் ஒரு துகள்பிடி. எடுத்துப் பார்க்க ஒரு கை.